நீ உட்காராத பின் சீட்டு

இன்று காலை மைசூர் ஹெப்பாள் சிக்னலில் கம்பெனி பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக நீலகிரித் தைல வாசனை வந்தது. எட்டிப் பார்த்தேன். டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவர் மூக்கை மூடிக் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்து, அதில் இரண்டு சொட்டு விட்டு, மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். நீயும் அப்படித்தான் செய்வாய். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் அந்தச் சின்னப் புட்டி எப்போதும் இருக்கும். "இது போட்டாப் புகை போயிருமா?" என்று ஒருநாள் கேட்டேன். "புகை எங்க போவும்? புகை வாசம் தெரியாம இருக்கும், அவ்வளவுதான்" என்றாய். பச்சை விழுந்து பஸ் நகர்ந்தது. பக்கத்து சீட்டுக்காரர் ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. ஷிஃப்ட் முழுக்க அந்த வாசனை மூக்கிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய் இது எட்டாவது மாதம்.

நாம் இருவரும் தமிழ் பேசுகிற எல்லையோர ஊரான கௌதள்ளியிலிருந்து ஒரே வருஷம் மைசூருக்கு வந்தவர்கள். எனக்கு ஃபேக்டரியில் லேத் வேலை, உனக்கு போலீஸில் கான்ஸ்டபிள் வேலை. கல்யாணம் ஆகும்வரை ஒரே அறை. உன் காக்கியும் என் நீலச் சட்டையும் ஒரே கொடியில் காயும். நன்றாக வண்டி ஓட்டுவாய் என்று தெரிந்து டிராஃபிக் பிரிவில் ரோந்து வண்டியை உன்னிடம் கொடுத்தார்கள். அன்றைக்கே என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். வெள்ளை அம்பாசிடர், கதவுகளில் நீலப் பட்டை, கூரை மேல் நீல விளக்கு. எனக்குச் சின்ன வயசிலிருந்தே வண்டிப் பைத்தியம் என்பது உனக்குத் தெரியும். கோயிலைச் சுற்றுகிற மாதிரி அதைச் சுற்றி வந்தேன்.

"உள்ள ஏறிப் பாக்கட்டுமா?"

"வெளியவே நின்னு பாரு. கவர்மென்ட் வண்டி."

அதுதான் நீ. பதினோரு வருஷம் அந்த வண்டியை ஓட்டினாய். ஒருநாள்கூட என்னை அதில் ஏற்றவில்லை. மழையில் நான் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்து, கையை மட்டும் காட்டிவிட்டுப் போயிருக்கிறாய். எனக்குக் கோபம் வரும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "நனஞ்சிட்டியா?" என்று கேட்டு நீயே டீ போடுவாய். கோபம் அதோடு தீர்ந்துவிடும்.

வண்டிக்கு வயசாகி, கழித்துவிட வேண்டியவற்றோடு அது சேர்ந்தபோது நீதான் வந்து சொன்னாய். "நம்ம வண்டிய ஏலம் விடறாங்க. எடுக்கறதுன்னா எடு. இல்லீன்னா இரும்புக் கடைக்காரன் உடைச்சுப் போட்டுருவான்." நம்ம வண்டி என்று நீ சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதே மாதத்தில் உனக்கு வேறு வண்டி தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லி, சர்க்கிளில் நாலு ரோட்டு நடுவில் நிற்கிற டூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டாய். வெயிலிலும் புகையிலும் நிற்பதை ஒருவன் ஏன் கேட்டு வாங்குகிறான் என்று எனக்குப் புரியவில்லை. உன்னிடம் கேட்கவும் இல்லை. வண்டி கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன்.

வீட்டுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் தகரக் கொட்டகை போட்டு வண்டியை நிறுத்தினோம். இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதற்கே போயின. நீ வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கையை மட்டும் வெளியே நீட்டுவாய். நான் ஸ்பேனரை வைப்பேன். தப்பான அளவு என்றால் திருப்பி நீட்டுவாய். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினோம், கிளட்ச் பிளேட் மாற்றினோம், துருப்பிடித்த தரைத்தகட்டை வெட்டி எடுத்து வேறு வைத்தோம். எதற்கும் சரி என்பவன், ஒன்றுக்கு மட்டும் பிடிவாதம் பிடித்தாய்.

"பின் சீட்ட மட்டும் மாத்திரு."

"ஏனப்பா, ரெக்சின் கிழியவே இல்லையே?"

"கிழியல. ஆனாலும் மாத்திரு."

"ஒரிஜினல் சீட்டு. பழைய வண்டிக்காரங்க மொதல்ல அதத்தான் பாப்பாங்க. மாத்திப்போட்டா வண்டிக்கு என்ன மதிப்பு இருக்கு?"

கையிலிருந்த பழந்துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாய். "உன்ற வண்டி" என்றாய்.

விளக்கைப் பற்றியும் சொன்னாய். பழைய விளக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டுதான் ஏலத்தில் விட்டிருந்தார்கள். நான் தேடி அலைந்து அதே மாதிரி ஒன்று வாங்கி வந்தேன். நீ அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஷோவுக்கு வெக்கறியா, வெச்சுக்கோ. ரோட்டுல எடுக்கறப்பக் கழட்டி டிக்கில போட்டுரு. நம்ம மாதிரி ஆளுங்க வண்டில இது இருக்கப்படாது. எவனாச்சும் நிறுத்தினா நான் வந்து பேச மாட்டேன், இப்பவே சொல்லிப்போட்டேன்" என்றாய். முதல் இரண்டு மாதம் கழற்றினேன். பிறகு விட்டுவிட்டேன். நாலு திருகாணியைக் கழற்றி மாட்டச் சோம்பல் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த விளக்கு கூரையில் இருந்தால் முன்னால் போகிற ஸ்கூட்டர்கள் ஒதுங்கும். ஆட்டோக்காரர்கள் கண்ணாடியில் பார்த்துவிட்டு வழி விடுவார்கள். முப்பது வருஷம் கம்பெனி பஸ்ஸில் போய்வந்தவனுக்கு அது ருசித்துவிட்டது.

வண்டி தயாரானதும் முதல் பயணம் ஊருக்குத்தான். கௌதள்ளியில் சாப்பிட்டுவிட்டு, பாலாறு செக்போஸ்ட் வரை போய்த் திரும்பலாம் என்று கிளம்பினோம். நீ ஓட்டினாய், நான் முன்னால். என் மனைவியும் உன் செல்வியும் பின்னால். அவர்கள் ஏறுவதற்கு முன் வீட்டிலிருந்து ஒரு கம்பளி கொண்டுவந்து பின் சீட்டில் விரித்து நாலு பக்கமும் இழுத்துச் செருகினாய். காட்டு ரோட்டில் போகும்போது அடிக்கடி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தாய். "பொண்டாட்டி எங்கயும் போயிர மாட்டா, ரோட்டப் பாரு" என்று கேலி செய்தேன். பெண்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. வளைவில் கவனமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் நான் பழைய வண்டிக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்தேன். மாதம் ஒரு ஞாயிறு காலையில் வண்டிகளோடு கூடுவார்கள். பல் டாக்டர் ஒருவர், காபித் தோட்டக்காரர்கள் இரண்டு பேர், ரிடையரான இன்ஜினியர்கள், ஐடி கம்பெனி ஆட்கள். எதில் ஒத்துப்போகாவிட்டாலும் ஒன்றில் ஒத்துப்போவார்கள். டிராஃபிக் போலீஸ் என்றால் எல்லோருக்கும் எரிச்சல். மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்து பிடிக்கிறான், புகைச் சான்றிதழ் கேட்டு உயிரை வாங்குகிறான், கொக்கி போட்டு வண்டியைத் தூக்கும்போது பம்பரைக் கீறிவிடுகிறான். எல்லாமே பொய் என்று சொல்லமாட்டேன். நீயே சிலதை ஒத்துக்கொண்டிருக்கிறாய். ஆனால் அதே ஆட்களுக்கு என் ரோந்து வண்டி மேல் அப்படி ஒரு ஆசை. கதவைத் திறந்து மூடி அந்தச் சத்தத்தைக் கேட்பார்கள். விளக்கைப் போடச் சொல்லிப் படம் எடுப்பார்கள். சங்கச் செயலாளர் பிரகாஷ், வெளியூரிலிருந்து யார் வந்தாலும் முதலில் என் வண்டியிடம்தான் கூட்டி வருவார். போலீஸ் வண்டி வேண்டும், போலீஸ்காரன் வேண்டாம். இது எனக்கு அப்போதே தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் அந்தக் கூட்டத்தில் இருக்க ஆசைப்பட்டேன். லேத் ஓட்டுகிறவன் தோளில் பல் டாக்டர் கை போட்டுப் பேசுவது எனக்கு வேறெங்கும் நடந்ததில்லை. என் கூட்டாளி ஒருவன் சர்க்கிளில் விசில் ஊதிக்கொண்டு நிற்கிறான் என்று அவர்களிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை.

தசரா சமயத்தில் பொருட்காட்சி மைதானத்தில் சங்கம் ஷோ வைத்தது. உனக்கு அன்று ஓய்வு நாள். வேஷ்டி சட்டையில் வந்து, நான் கேட்காமலே துணியை எடுத்து பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாய். பிரகாஷ் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். யாரோ பின் கதவைத் திறந்தார்கள். "ஒரிஜினல் சீட்டு" என்று நான் பெருமையாகச் சொன்னேன். பிரகாஷ் குனிந்து சீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் சொன்னார்: "இந்தச் சீட்டுக்கு மட்டும் வாய் இருந்தால்! எத்தனை மாமூல் இதில் சாய்ந்து உட்கார்ந்து ஊரைச் சுற்றியிருக்குமோ!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சும்மா ஒப்புக்குச் சிரித்தேன் என்று பின்னால் பலமுறை எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதுவும் பொய். அவர்களைவிட ஒரு படி சத்தமாகவே சிரித்தேன். பிரகாஷ் உன்னைக் காட்டி, "டிரைவரா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஓர் ஆட்டல். நீ துணியை நாலாக மடித்து பானெட் மேல் வைத்தாய். "பஸ்ஸு வந்துரும்" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு நடந்தாய்.

ஐந்து மாதம் நீ வரவில்லை. போன் செய்தால் எடுப்பாய், டூட்டி என்பாய், வைத்துவிடுவாய். ஒருநாள் மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து உன் சர்க்கிளுக்கே வந்தேன். பத்து நிமிஷம் ஓரமாக நின்று உன்னைப் பார்த்தேன். ஒரு கையால் பஸ்களை நிறுத்துகிறாய், இன்னொரு கையால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரச் சொல்கிறாய், நடுவில் முழங்கையில் முகத்தைப் புதைத்து இருமுகிறாய். எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன். நின்று பார்த்தது அன்றுதான்.

மாற்று ஆள் வந்ததும் எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சுக்கு வந்தாய். நானாக எதுவும் கேட்பதற்கு முன் நீயே ஆரம்பித்தாய்.

"ரோட்டுல அடிபட்டுக் கெடப்பாங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தாங்காதுன்னு தெரியும். தூக்கிப் பின்னால போட்டுக்கிட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டுவேன். நெம்பப் பேரு பொழச்சாங்க. ஆறு பேரு அந்தச் சீட்டுலயே போயிட்டாங்க."

நான் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"கடசியாப் போனது ஒரு புள்ள. ஆறோ ஏழோ வயசு இருக்கும். ஸ்கூட்டர் மேல லாரி. அவங்கம்மாவுக்கு நெனவில்ல. அந்தப் புள்ள பேசிக்கிட்டே வந்துச்சு. சைரன் போடுங்க மாமா, சைரன் போடுங்க மாமான்னு. போட்டுத்தான் ஓட்டறேன், அதுக்குக் கேக்கல. கண்ணாடில பாத்துக்கிட்டே ஓட்டறேன். அக்ரஹாரம் சிக்னல் தாண்டறப்போ பேச்சு நின்னுபோச்சு." கைக்குட்டையால் வாயைப் பொத்தி இருமினாய். "சீட்ட நாந்தான் கழுவினேன். மேலாக்க இருந்த ரத்தம் போயிருச்சு. தையலுக்குள்ள எறங்குனது போவல. அப்பறம் இன்னொரு வண்டி தர்றேன்னாங்க. இன்னொரு பின் சீட்ட என்னால பாக்க முடியாது. அதான் சர்க்கிள் கேட்டேன்."

"நாளைக்கே அத மாத்திப்போடறேன்" என்றேன்.

"இப்ப வேண்டாம். தெரிஞ்சுபோச்சல்ல. தெரிஞ்சே வெச்சுக்கோ."

நான், "அன்னிக்கி மைதானத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"டீ ஆறுது பாரு" என்றாய்.

டம்ளரை எடுத்துக் குடித்தேன். அவ்வளவுதான். அந்த வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. நீ மறுபடி ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தாய். எல்லாம் பழையபடி ஆனது போலத்தான் இருந்தது. அதைச் சொல்ல இன்னொரு சமயம் வரும் என்று விட்டுவிட்டேன்.

உன் இருமல் விடவில்லை. லீவு போட வைத்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே அவர், "எத்தனை வருஷமா சிகரெட்?" என்று கேட்டார்.

"சிகரெட் இல்லீங்க சார். சர்க்கிள்" என்றாய்.

அவர் நிமிர்ந்து உன்னைப் பார்த்தார். வெளியே வந்ததும் நான் மருந்துக் கடைக்குப் போக, நீ வாசலில் நின்று வருகிற போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். திரும்பி வந்தபோது, "அந்த வேனுக்கு நம்பர் பிளேட் கோணலா இருக்கு" என்றாய். வீட்டில் கிடக்க ஆரம்பித்த பிறகும் ஜன்னலோரம் கட்டிலைப் போடச் சொல்லி ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். எனக்கு இரண்டாம் ஷிஃப்ட். செல்வி போன் செய்தாள். "அண்ணா, அவருக்கு மூச்சு விட முடியல. ஆம்புலன்ஸுக்குச் சொன்னா அரை மணி ஆவும்ங்கறாங்க. சீக்கிரம் வாங்கண்ணா." என்னிடம் ஸ்கூட்டர் ஒன்று, அந்த அம்பாசிடர் ஒன்று. அம்பாசிடரை எடுத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து வீட்டுக்காரரும் நானும் உன்னைத் தூக்கினோம். காக்கிக்குள் ஒரு காலத்தில் அடங்காத உடம்பு கையில் கனக்கவே இல்லை. முன் சீட்டில் உன்னைச் சாய்க்க முடியாது. பின் கதவைத்தான் திறந்தேன். உன் கண்கள் சீட்டைப் பார்த்தன, பிறகு என்னைப் பார்த்தன. செல்வி முதலில் ஏறி உன் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் நீ அந்தச் சீட்டுக்கு வந்தது அன்றுதான்.

நான் விளக்கைப் போட்டேன். வழி விடுவார்கள் என்று போட்டேன். முதல் கொஞ்ச தூரம் விடவும் செய்தார்கள்.

பெரிய சர்க்கிளுக்கு முன்னால் ஒரு பெண் கான்ஸ்டபிள் ரோட்டின் நடுவுக்கு வந்து கையை உயர்த்தினாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். போலீஸ் மாதிரி விளக்கு வைத்துக்கொண்டு சுற்றுகிற வண்டிகளைப் பிடிக்கச் சொல்லி அந்த வாரம் அவர்களுக்கு உத்தரவாம். இது எனக்குப் பின்னால் தெரிந்தது. அவளுக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிய வழியில்லை. பழைய சர்க்கார் வண்டி மாதிரியே இருக்கவேண்டும் என்று பின் ஜன்னல்களுக்கெல்லாம் நான் திரை தைத்து மாட்டியிருந்தேன்.

"இந்த விளக்குக்கு யார் அனுமதி கொடுத்தது?" என்று கன்னடத்தில் கேட்டாள்.

உள்ளே நோயாளி இருக்கிறார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தை போதும். என் வாயில் வந்தது வேறு. "இது யாரோட வண்டி தெரியுமா? டிராஃபிக்காரங்களுக்கு வேற வேலையே இல்லையா? தள்ளு!" என்று கத்தினேன். மைதானத்தில் கேட்டுக் கேட்டுப் பழகிய பேச்சு அது. என் நாக்கில் தயாராக இருந்திருக்கிறது.

அவள் கையை உள்ளே விட்டுச் சாவியை எடுத்துக்கொண்டாள். வண்டியைச் சுற்றி முன்னால் போய் நம்பரை எழுத ஆரம்பித்தாள். நான் இறங்கி அவள் பின்னால் போய் இன்னும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. செல்வி கதவைத் திறந்துகொண்டு ரோட்டில் நின்று அழுதபோதுதான் அந்தப் பெண் திரும்பினாள். ஓடி வந்து உள்ளே பார்த்தாள். "ஐயோ, ஸார்" என்றாள். உன்னை அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரே ஸ்டேஷனில் நாலு வருஷம் வேலை பார்த்தவர்களாம்.

நீ கையைக் கொஞ்சம் தூக்கினாய். அவளைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாய்: "அவளத் திட்டாத. அவ செய்யறது சரி." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சுக்கு நின்றாய்.

அவள் செல்வியை உள்ளே ஏற்றிவிட்டு, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, சாவியை என் கையில் திணித்து, வயர்லெஸ்ஸில் பேச ஆரம்பித்தாள். அதற்கப்புறம் ஒரு சிக்னலிலும் நிற்கவில்லை. ஒவ்வொரு சர்க்கிளிலும் யாரோ ஒரு காக்கிச்சட்டை ஓடிவந்து பஸ்களை மறித்து நின்றது. நான் கண்ணாடியில் உன்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

மறுநாள் மத்தியானம் நீ போய்விட்டாய். நாங்கள் நின்றது எவ்வளவு நேரம் என்று டாக்டரிடம் சொல்லி, அதனால்தானா என்று கேட்டேன். "அந்த ஐந்து நிமிஷத்தால் எதுவும் மாறியிருக்காது" என்றார். நல்ல மனுஷர். வேறு யார் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார் என்று தோன்றுகிறது.

உன்னைக் கௌதள்ளிக்குக் கொண்டுபோய் உங்கள் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். அங்கே நிற்கும்போதே என் சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. சர்க்கிளில் நின்ற யாரோ வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். ஒரு பெண் போலீஸ் சாவியைப் பிடுங்குகிறாள், நான் கத்துகிறேன், செல்வி அழுகிறாள். முன்னும் பின்னும் இல்லை. சங்கத்து வாட்ஸாப் குழுவில் கொதித்துக்கொண்டிருந்தார்கள். சொந்த ஆளையே கொன்றுவிட்டார்கள், இவர்களுக்கு இரக்கமே கிடையாது, நம் மெம்பருக்கு நியாயம் வேண்டும். பிரகாஷ் மனு எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். நீ யாரென்று அவர்களுக்குத் தெரிந்தது அப்போதுதான். உனக்காக அவர்கள் பரிந்து பேசியதும் அப்போதுதான்.

நாலு நாள் நான் ஒன்றும் எழுதவில்லை. துக்கத்தில் இருக்கிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு ஆறுதலாக இருந்தது. அத்தனை பேர் சேர்ந்து அவள்தான் காரணம் என்று சொல்லும்போது, அவளாகவே இருக்கட்டும் என்று விட்டுவிடத் தோன்றியது. ஐந்தாம் நாள் அவளுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள் என்று பிரகாஷ் வெற்றிச் செய்தி மாதிரி போட்டார். அன்று செல்வியைப் பார்க்கப் போனேன். உன் காக்கிச் சட்டைகளைத் துவைத்து மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்.

"அண்ணா, அவரு அந்தப் பொண்ணப் பத்தி என்ன சொன்னாருன்னு உங்களுக்குக் கேட்டுச்சல்ல?"

"கேட்டுது."

"எனக்கும் கேட்டுது. நான் சொன்னா, பொம்பள அழுகைல சொல்றாம்பாங்க. நீங்க போயிச் சொல்லுங்க."

குழுவில் நாலு வரி எழுதினேன். விளக்கு என்னுடையது, கழற்றச் சொல்லி அவன் எச்சரித்திருந்தான், உள்ளே நோயாளி இருப்பதை நான் சொல்லவில்லை, அந்தப் பெண் மேல் தப்பில்லை. பிரகாஷ் உடனே போன் செய்தார். "நீங்கள் சும்மா இருந்தாலே போதும், எங்கள் வேலையைக் கெடுக்காதீர்கள்" என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் வைத்துவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் குழுவிலிருந்து என்னை எடுத்திருந்தார்கள்.

மறுநாள் காலை கமிஷனர் ஆபீஸுக்குப் போனேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். விளக்குக்கு என் மேல் கேஸ் போட்டார்கள். போடுங்கள் என்றேன். வெளியே வரும்போது தாழ்வாரத்து பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். மஞ்சுளா என்று சட்டையில் பெயர் இருந்தது. மடியில் ஒரு கவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நான் இன்னும் கத்துவேன் என்று நினைத்திருப்பாள்.

"நீங்கள் சாவியை எடுத்தது சரிதான், எழுதிக் கொடுத்துவிட்டேன்" என்றேன். அவளுக்கு அது காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

"ஸார் அன்று தமிழில் ஏதோ சொன்னார்" என்றாள். "என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்குத் தமிழ் வராது. அன்றிலிருந்து யாரிடமும் கேட்க பயமாக இருக்கிறது. என்னைத் திட்டினாரா?"

ஒரு வாரமாக அதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். நானோ அந்த வார்த்தையைப் பையில் போட்டுக்கொண்டு ஊரில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"அவளு மாடித்து சரி", அவள் செய்தது சரி, என்று கன்னடத்தில் சொன்னேன். "அதுதான் சொன்னான். அவளைத் திட்டாதே என்று என்னிடம் சொன்னான்."

"இன்னொரு தடவை சொல்லுங்கள் ஸார்."

சொன்னேன். அவள் கவரால் முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். என்னை மன்னித்துவிடம்மா என்றேன். ஏன் அவளிடம் அவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை என்று தெரியவில்லை. டீக்கடை பெஞ்சில் நீ பக்கத்தில் இருக்கும்போது வராத வார்த்தை. அவள் தலையை ஆட்டினாள். அது ஐயத்துக்கு இடமில்லாத ஆட்டல். மன்னித்துவிட்டாள்.

அவள் மன்னித்தது அவளுக்கு நான் செய்ததை மட்டும்தான். மைதானத்தில் நான் சிரித்ததை மன்னிக்கிற உரிமை ஒருவனுக்குத்தான் இருந்தது. அவனிடம் நான் கேட்கவே இல்லை.